ஒரே நார்த்தூள், மூன்று விதமான விளைவு: ஒரு காய்கறித் தோட்டத்தின் நிகழ்வு ஆய்வு

தேங்காய் நார்த்தூளை மண்ணில் கலந்தால் தண்ணீர்த் தேவை பாதியாகக் குறையும் என்று கேள்விப்பட்டு, நண்பர் ஒருவர் தன் வீட்டுத் தோட்டம் முழுவதும் அதைக் கலந்துவிட்டார். ஒரே தடவையில் வாங்கிய கோகோபீட் கட்டிகள் (நார்த்தூளை அழுத்திச் செய்தவை), ஒரே ஆள் செய்த வேலை, ஒரே பருவம். ஆனால் விளைவு இடத்துக்கு இடம் மாறியது. ஒரு பாத்தி கொஞ்சம் தடுமாறி அப்புறம் தேறியது. இன்னொன்றில் செடிகள் அழுகின. மாடியில் இருந்த பைகள் இரண்டுங்கெட்டானாக நின்றன. "இது நல்ல பொருளா இல்லையா, ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்கத்தான் அவர் என்னைக் கூப்பிட்டார். ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை.

தோட்டமும் அதில் நடந்ததும்

வீட்டை ஒட்டிய மேல்பக்கம், கட்டுமானத்தின்போது மிஞ்சிய மணலையும் சரளையையும் கொட்டி நிரவிய இடம். மண்வெட்டி போட்டால் மண் உதிரியாகச் சரியும். கீழ்ப்பக்கம் பழைய களிமண். ஈரத்தில் காலோடு ஒட்டிக்கொண்டு வரும், காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மூன்றாவது பகுதி மாடியில் வரிசையாக வைத்த குரோ பேக் பைகள்.

நண்பர் கட்டிகளைத் தொட்டியில் ஊறவைத்து, உப்பி உதிர்ந்ததும் அப்படியே எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார். மணல் பாத்தியில் பரவலாகக் கொட்டி ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலந்தார். களிமண்ணைக் கொத்துவது கடினம் என்பதால் அங்கே பாத்தியைத் தொடவில்லை. செடி நடும் குழியை மட்டும் வெட்டி, குழியில் பாதிக்கு நார்த்தூளை நிரப்பினார். பைகளில் முக்கால் பங்கு நார்த்தூள், மிச்சம் மண்புழு உரம். மண்ணே இல்லை, மாடிக்குப் பாரம் குறையட்டும் என்ற எண்ணம்.

மணல் பாத்தியில் முன்பெல்லாம் காலையும் மாலையும் தண்ணீர் விட்டாலும் மத்தியானம் செடி துவண்டுவிடும். நார்த்தூள் கலந்த பிறகு அந்தத் துவளல் நின்றது. ஆனால் அங்கே விதைத்த பீன்ஸ் சரியாக முளைக்கவில்லை. முளைத்தவற்றின் இலை ஓரம் பழுப்பாகக் கருகியது. பக்கத்திலேயே நட்ட தக்காளிக்கு ஒன்றும் ஆகவில்லை. களிமண்ணில் நட்ட மிளகாய் முதலில் செழிப்பாக வந்து, ஒரு மழைக்குப் பிறகு ஒவ்வொன்றாக வாடியது. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றியிருக்கிறார்கள். பிடுங்கிப் பார்த்தபோது வேர் பழுப்பேறி, தோல் உரிந்து, நாற்றமடித்தது. மாடித் தக்காளியில் அடி இலைகள் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறின. காய்த்த காய்களில் பலவற்றின் அடிப்பக்கம் கறுத்துக் குழிவிழுந்தது.

தண்ணீரைப் பிடிப்பது எது?

தேங்காய் மட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நார். மிச்சம், நார்களுக்கு இடையே ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்புத் துகள். கயிறு திரிக்க நாரை உரித்தெடுத்த பிறகு மலைபோலக் குவிவது இந்தத் துகள்தான். ஒரு காலத்தில் இதை எங்கே கொட்டுவது என்றே தெரியாமல் ஆலைகள் திண்டாடின. இப்போது அதையே அழுத்திக் கட்டியாக்கி விற்கிறார்கள்.

தண்ணீரைப் பிடித்து வைப்பதும் துகள்தான். அதற்குள் நுண்ணிய அறைகள் நிறைய உண்டு. நீர் அவற்றில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நீளமான நார் தண்ணீரைப் பெரிதாகச் சேமிக்காது. நார்களுக்கு இடையே பெரிய இடைவெளிகள் இருப்பதால் அது காற்றோட்டத்துக்கும் வடிகாலுக்கும் உதவும். மண் இறுகாமல் இருக்க நார் வேண்டும், ஈரம் நிற்கத் துகள் வேண்டும். கட்டியில் இரண்டும் கலந்தே வரும், ஆனால் விகிதம் கட்டிக்குக் கட்டி வேறுபடும். ஊறவைத்துக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: மாவாக ஒட்டினால் துகள் அதிகம், இழை இழையாகப் பிரிந்தால் நார் அதிகம்.

இரண்டிலும் லிக்னின் என்ற கடினமான பொருள் அதிகம். அதனால்தான் இலை தழையைப் போலச் சீக்கிரம் மக்கிப்போகாமல் மண்ணில் சில ஆண்டுகள் தங்குகிறது. தென்னந்தோப்புகளில் மரத்தைச் சுற்றிக் குழியெடுத்து மட்டைகளை, குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கிப் புதைக்கும் பழக்கமும் இந்தக் குணத்தை நம்பித்தான். புதைத்த மட்டை ஐந்தாறு ஆண்டுகள் வரைகூட ஈரம் காக்கும்.

"எட்டு மடங்கு" என்ற கணக்கு

நார்த்தூள் தன் எடையைப்போல் ஐந்து முதல் எட்டு மடங்கு தண்ணீரைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அதைக் கேட்டவுடன் தோட்டத்தின் தண்ணீர்ச் செலவும் அதே அளவுக்குக் குறையும் என்று மனம் கணக்குப் போடுகிறது. அங்கேதான் சறுக்கல்.

காய்ந்த நார்த்தூளுக்கு எடையே கிடையாது என்று சொல்லலாம், அவ்வளவு லேசு. 5 கிலோ கட்டி ஒன்றை 20 முதல் 25 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்தால் உப்பி 60 முதல் 75 லிட்டர் வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். வேர் வளர்வது எடையில் இல்லை, இடத்தில்தான். ஆகவே கேட்க வேண்டியது, ஒரு லிட்டர் இடத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, அதில் எவ்வளவை வேரால் உறிஞ்ச முடிகிறது என்பதே. மெல்லிய துளைகளுக்குள் இறுகிப்போன தண்ணீரைச் செடியால் இழுக்க முடியாது. அது இருந்தும் இல்லாததுதான்.

மணல் பாத்தியை வைத்தே கணக்குப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பு, 20 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 200 லிட்டர் மண். மணற்பாங்கான மண்ணில் செடிக்கு எட்டும் நீர், கொள்ளளவில் சுமார் 7 சதவீதம். அப்படியானால் 14 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 40 லிட்டரை, நார்த்தூளாக மாற்றுகிறோம். நார்த்தூளில் செடிக்கு எட்டும் நீர் 30 சதவீதம் என்று வைப்போம். தரையில் கலக்கும்போது இது கொஞ்சம் தாராளமான கணக்குதான். நார்த்தூளில் 12 லிட்டர், மிச்ச 160 லிட்டர் மணலில் 11 லிட்டர். மொத்தம் 23.

14 லிட்டர் 23 ஆனது நல்ல முன்னேற்றம்தான். ஆனால் இந்த முழு நீரும் தீரும்வரை காய்கறிச் செடியைக் காத்திருக்க விட முடியாது. பாதி குறைந்ததுமே விளைச்சல் அடிவாங்கத் தொடங்கும். ஆக, கைக்கு வருவது 7 லிட்டர் இருந்த இடத்தில் 11 அல்லது 12 லிட்டர். நல்ல வெயிலில், இலை மூடி வளர்ந்த காய்கறிப் பாத்தி ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5, 6 லிட்டர் குடிக்கும். அதாவது தினமும் தண்ணீர் விட்டே ஆகவேண்டிய பாத்தி, ஒருநாள் விட்டு ஒருநாள் தாங்கும் பாத்தியாகிறது. அவ்வளவுதான். வாரக்கணக்கில் தாங்கும் என்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். செடி குடிக்கும் அளவு குறையவே இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றும்போது இரண்டு நாளுக்கான தண்ணீரையும் சேர்த்துத்தான் ஊற்ற வேண்டும். பிறகு மிச்சம் எங்கிருந்து வருகிறது? முன்பு மணலில் ஊற்றிய தண்ணீரில் ஒரு பகுதி வேருக்குக் கீழே இறங்கி வீணாகிக்கொண்டிருந்தது. நார்த்தூள் அதைத் தடுத்து நிறுத்துகிறது. மிச்சம் முழுக்க அந்த வழியில் கிடைப்பதுதான். ஆகவே தண்ணீர் கீழே ஓடாத மண்ணில் நார்த்தூளைக் கலந்து தண்ணீர் மிச்சமாகும் என்று எதிர்பார்க்க நியாயமே இல்லை. தண்ணீர் விஷயத்தில் இந்தத் தோட்டத்தில் நடந்ததற்குச் சாவி இதுதான் என்பது என் முடிவு.

நண்பரின் மணல் பாத்தியில் காலை மாலை இரண்டு வேளையும் ஊற்றியும் ஏன் துவண்டது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இளஞ்செடியின் வேர் 10 சென்டிமீட்டர்கூட இறங்கியிருக்காது. அந்த ஆழத்தில் கைக்கு வரும் நீர் சதுர மீட்டருக்கு 3, 4 லிட்டர்தான். அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் அது வேரைத் தாண்டிப் போய்விடும்.

பீன்ஸைக் கருக்கிய உப்பு

துவளல் நின்ற அதே பாத்தியில் பீன்ஸ் கருகியதற்குக் காரணம் கழுவாத கட்டிகள். தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் குளோரைடும் அதிகம். நார் எடுக்க மட்டையை உப்புக் கலந்த நீர்நிலைகளில் ஊறப்போட்டிருந்தால் சோடியமும் சேர்ந்துகொள்ளும். கட்டியின் மேல் "கழுவப்பட்டது" என்று அச்சடித்திருந்தாலும் எத்தனை தடவை, எந்தத் தண்ணீரில் என்று யாரும் எழுதுவதில்லை.

எல்லாச் செடியும் உப்பை ஒரே மாதிரி தாங்குவதில்லை. மண் சாற்றின் மின்கடத்துதிறனை வைத்து இதைச் சொல்வார்கள். உப்பு கூடக்கூட இந்த எண் ஏறும். அதை அளக்கும் அலகில், மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸ் தாண்டினாலே பீன்ஸின் விளைச்சல் குறையத் தொடங்கும். கேரட்டும் அப்படித்தான். வெங்காயத்துக்கும் முள்ளங்கிக்கும் 1.2, மிளகாய்க்கு 1.5. தக்காளி 2.5 வரை முகம் சுளிக்காது, பீட்ரூட் 4 வரை பொறுக்கும். பக்கத்துப் பக்கத்தில் பீன்ஸ் கருகி, தக்காளி சிரித்துக்கொண்டிருந்ததில் மர்மம் எதுவும் இல்லை.

வீட்டில் இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. குடிநீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் போதும். முதலில் குழாய்த் தண்ணீரை அளந்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே தண்ணீரில் நார்த்தூளை ஊறவைத்து, வடியும் நீரை அளக்க வேண்டும். இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட நெருங்கும்வரை ஊறவைத்து, பிழிந்து, வடித்துக்கொண்டே இருக்கலாம். பெரும்பாலான கட்டிகள் இரண்டு மூன்று அலசலில் சரியாகிவிடும். மேலே சொன்ன 1, 1.2 போன்ற எண்கள் மண்ணைக் குழைத்து வடித்த சாற்றுக்கு உரியவை. வாளித் தண்ணீரில் காட்டும் எண்ணை அவற்றோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. குழாய்த் தண்ணீரோடு ஒப்பிடுவதுதான் எளிது, நம்பகமானது.

தண்ணீரை மிச்சப்படுத்தும் வேலைக்கே இவ்வளவு தண்ணீர் செலவா என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு சதுர மீட்டருக்கு 40 லிட்டர் நார்த்தூள் என்றால் சுமார் 3 கிலோ காய்ந்த கட்டி. அதை மூன்று தடவை அலச 40, 50 லிட்டர் ஆகும். மணல் பாத்தியில் கீழே வீணாவது குறைந்தால் சில வாரங்களில் அது திரும்பி வந்துவிடும். அலசிய நீரைத் தென்னை, வாழை மாதிரி பொட்டாசியம் விரும்பும் மரங்களுக்கு விடலாம். அதைவிட நல்லது, மழைக்காலத்துக்கு முன்பே கட்டிகளை உடைத்து, அடியில் ஓட்டை போட்ட சாக்கில் கட்டி வெட்டவெளியில் போட்டுவிடுவது. மழை இலவசமாகக் கழுவிக் கொடுத்துவிடும்.

மணல் பாத்திக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு: உப்பு அதில் நிற்காது. நாலு தடவை தாராளமாகத் தண்ணீர் விட்டதும் இறங்கிவிட்டது. இரண்டாம் முறை விதைத்த பீன்ஸ் ஒழுங்காக முளைத்தது.

களிமண்ணில் வெட்டிய குழிகள்

களிமண்ணுக்குத் தண்ணீர் பிடிக்கத் தெரியாது என்று யாரும் குறை சொன்னதில்லை. அதற்கு விடத்தான் தெரியாது. அங்கே செடிக்குக் குறைவாக இருப்பது காற்று. நார்த்தூளைப் பாத்தி முழுக்கக் கலந்திருந்தால் மண் கொஞ்சம் நெகிழ்ந்து, காற்றோட்டம் கூடியிருக்கும். ஆனால் குழியை மட்டும் வெட்டி நிரப்பியதால் ஒவ்வொரு குழியும் களிமண் சுவர் வைத்த தொட்டி ஆகிவிட்டது. மழை பெய்ததும் சுற்றியுள்ள இறுகிய மண்ணின் மேல் ஓடிய நீரெல்லாம் நெகிழ்வான குழிகளுக்குள் இறங்கியது. இறங்கிய நீர் வெளியேற வழியில்லை. நார்த்தூளின் துளைகள் முழுக்க நீர் நிரம்பி, வேர் மூச்சு முட்டி, அழுகல் பூஞ்சைக்கு விருந்தானது.

இதில் கொடுமை, அழுகிய வேரும் காய்ந்த வேரும் மேலே ஒரே அறிகுறியைத்தான் காட்டும்: இலை வாடும். வேர் அழுகினால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, செடி தாகத்தில் வாடுவதுபோலவே தெரியும். அதைப் பார்த்து இன்னும் ஊற்றினால் முடிந்தது கதை. வாடிய செடிக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு முன்பு விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்க்க வேண்டும். விரலில் ஈரம் ஒட்டினால் பூவாளியைக் கீழே வைத்துவிடலாம்.

களிமண் பகுதிக்கு நான் சொன்னது, நார்த்தூளை மறந்துவிட்டு மேட்டுப்பாத்தி போடுங்கள் என்பதுதான். தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, மக்கிய தொழு உரத்தை நிறையக் கலந்தால் போதும். மிஞ்சிய நார்த்தூளைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டால் துகளை விட்டுவிட்டு நீளமான நார் அதிகமுள்ளதைக் கொஞ்சம், அதுவும் பாத்தி முழுக்கப் பரவலாகக் கலக்கலாம். குழியில் மட்டும் போடுவது கூடவே கூடாது.

மாடிப் பைகள்

பைகளில் பிரச்சினை வேறு மாதிரியானது. தரையில் கலந்த நார்த்தூளிலிருந்து கீழே உள்ள மண் கொஞ்சம் நீரை இழுத்துக்கொள்ளும். பைக்கு அடியில் அப்படி இழுக்க எதுவும் இல்லை. ஓட்டை இருந்தாலும் அடியில் சில சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கித்தான் நிற்கும். பை எவ்வளவு குட்டையோ, அந்த ஈர அடுக்கு மொத்த உயரத்தில் அவ்வளவு பெரிய பங்கைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அதே நார்த்தூள் தரையில் இருப்பதைவிடப் பையில் அதிக ஈரமாக இருக்கும். ஆனால் மேல்பரப்பு வெயிலில் சீக்கிரம் காய்ந்து வெளிர்ப் பழுப்பாகிவிடும். அந்த நிறத்தைப் பார்த்துத் தினமும் ஊற்றினால் அடியில் குளம்தான். பையை ஒரு பக்கம் லேசாகத் தூக்கிப் பார்ப்பது நல்ல சோதனை. கனத்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

அதைவிடப் பெரிய சிக்கல் சத்து. நார்த்தூளின் மேற்பரப்பில் பொட்டாசியமும் சோடியமும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் தண்ணீரில் அலசினால் கரைந்துள்ள உப்பு போகும். ஒட்டியிருப்பது முழுதாகப் போகாது. பிறகு நாம் கொடுக்கும் உரத்தில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அது பிடித்துவைத்துக்கொண்டு, பதிலுக்குப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விடும். செடிக்குப் பொட்டாசியம் கூடி, மற்ற இரண்டும் குறையும். அடி இலையில் நரம்பு பச்சையாக, இடையில் மஞ்சளாக வந்தது மக்னீசியக் குறை. தக்காளியின் அடி கறுத்தது காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததால். ஒருநாள் காய்வதும் ஒருநாள் ஊறுவதுமாகத் தண்ணீர் ஏறி இறங்கினாலும் அதே கோளாறு வரும். இங்கே இரண்டும் சேர்ந்துகொண்டன.

மணல் பாத்தியில் இந்தக் கோளாறு ஏன் தலைகாட்டவில்லை? அங்கே ஐந்தில் நான்கு பங்கு மண். மண்ணிலும் பாசன நீரிலும் உள்ள கால்சியம் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிட்டது. பையில் மண்ணே இல்லை. நார்த்தூளை மட்டுமே நம்பிப் பயிர் செய்பவர்கள் அதைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, மறுபடி அலசிப் பயன்படுத்துவது இதற்காகத்தான். வீட்டுத் தோட்டத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. மண் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, கழுவிய நார்த்தூள் ஒரு பங்கு என்று கலந்தால் பெரும்பாலான தலைவலி தீர்ந்துவிடும். பை கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். நண்பர் மாடியின் பாரத்தைச் சொல்லித் தயங்கினார். அது சரியான கவலை என்பதால் பைகளைத் தூண்களும் உத்தரங்களும் இருக்கும் ஓரங்களுக்கு நகர்த்தி, எண்ணிக்கையைக் குறைத்தார்.

தழைச்சத்தும் மக்கும் வேலையும்

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மக்காத பச்சை நார்க்கழிவில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு. 1 பங்கு தழைச்சத்துக்கு 100 பங்குக்கு மேல் கரிமம் (கார்பன்) இருக்கும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும்போது தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். செடி வெளிறும். மரத்தூள் அளவுக்கு இது மோசமில்லை, ஏனென்றால் நார்த்தூள் மெதுவாகத்தான் சிதைகிறது. ஆனாலும் கீரைகள் உடனே காட்டிக்கொடுத்துவிடும். கலக்கும்போதே மண்புழு உரமோ நன்கு மக்கிய தொழு உரமோ சேர்த்துவிட்டால் தப்பிக்கலாம்.

பெரிய அளவில் செய்பவர்களுக்கு மக்கவைத்துப் போடுவதே மேல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில் ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் மாற்றி மாற்றி அடுக்குகளில் தூவி, நிழலில் ஈரம் காயாமல் வைத்திருக்கிறார்கள். சுமார் இரண்டு மாதத்தில் அது கறுத்து, உதிரியாகி, கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112-லிருந்து 24-க்கு இறங்கிவிடும். இப்படி மக்கியதை வயலுக்கு எக்டேருக்கு 5 டன் என்ற கணக்கில் போடுவார்கள். அது சதுர மீட்டருக்கு அரை கிலோதான். மேலே நாம் பாத்திக்குப் பார்த்த 3 கிலோவோடு ஒப்பிட்டால் புரியும்: வயலில் போடும் அளவு மண்ணின் தன்மையைப் பல ஆண்டுகளில் சீராக்கத்தான், அடுத்த வாரமே ஒரு பாசனத்தை மிச்சப்படுத்த அல்ல. வீட்டுப் பாத்தியின் அனுபவத்தை வைத்து வயலுக்குக் கணக்குப் போடுபவர்களும், வயல் அளவை வைத்துப் பாத்தியில் பலன் இல்லை என்பவர்களும் இங்கே இடறுகிறார்கள்.

மாற்றிச் செய்தது

மணல் பாத்தியில் அடுத்த பருவத்துக்கு நார்த்தூளைக் கூட்டவில்லை. அதற்குப் பதிலாக மூடாக்கு போடச் சொன்னேன். நார்த்தூள் கீழே இறங்கும் நீரைத்தான் பிடிக்கிறது. மேலே ஆவியாகும் நீரை அது தடுப்பதில்லை. செடி சிறிதாக இருக்கும்போது, வெறும் மண் வெயிலில் கிடப்பதால், ஊற்றும் தண்ணீரில் பெரும்பங்கு ஆவியாகத்தான் போகிறது. காய்ந்த இலை, வைக்கோல், நறுக்கிய மட்டை, எதுவானாலும் நான்கு விரல் கனத்துக்குப் போர்த்தினால் போதும். நார்த்தூளையே மேலே போர்த்தலாமே என்று கேட்பார்கள். காற்றில் பறக்கும், மழையில் மிதந்து ஓடும், வேண்டாம். என்னைக் கேட்டால், ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர் முதலில் மூடாக்கைப் போட்டுவிட்டு நார்த்தூளைப் பிறகு யோசிக்கலாம்.

பாத்தி முழுக்கக் கலக்க முடியாத அளவுக்குப் பெரிய இடமாக இருந்தால், மணலில் மட்டும், செடி வரிசையை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையாகக் கலக்கலாம். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் அதன் அடியில் வரும்படி. 10 சதுர மீட்டர் பாத்தியை முழுக்கக் கலக்க ஆறு பெரிய கட்டிகள் வேண்டும். பட்டையாகக் கலந்தால் பாதிக்கும் குறைவாகவே முடிந்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவைத் தாண்டிப் போவதில் அர்த்தம் இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் மண் லேசாகிவிடும். உயரமாக வளரும் செடிகள் பிடிமானம் இல்லாமல் சாயும்.

காய்ந்த தூளைக் கையாளும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்வது நல்லது. ஊறவைக்காமல் அப்படியே மண்ணில் கொட்டுவதும் வேண்டாம். அது மண்ணில் இருக்கும் ஈரத்தை முதலில் தானே குடித்துக்கொள்ளும். நார்த்தூளுக்கு ஒரு நல்ல குணம், ஒருமுறை முழுக்கக் காய்ந்துபோனாலும் திரும்பத் தண்ணீர் விட்டால் ஏற்றுக்கொள்ளும். சதுப்பு நிலங்களிலிருந்து எடுத்து இதேபோலப் பயன்படுத்தும் பீட் பாசி காய்ந்துவிட்டால் தண்ணீரைத் தள்ளிவிடும், இது அடம்பிடிக்காது.

களிமண் பகுதி இப்போது மேட்டுப்பாத்தியாகி, கத்தரி நிற்கிறது. அழுகிய குழிகளிலிருந்து அள்ளிய நார்த்தூளை மணல் பாத்திக்கு மாற்றலாமா என்று நண்பர் கேட்டார். வேர் அழுகல் வந்த இடத்துப் பொருள் என்பதால் அதைக் காய்கறிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம் என்றேன். மரங்களைச் சுற்றிப் பரப்பிவிட்டார். மாடிப் பைகளில் இருந்ததைக் கொட்டி, தண்ணீர் விட்டு நன்றாக அலசி, மண்ணும் உரமும் சேர்த்துக் குறைந்த எண்ணிக்கையில் நிரப்பினார். மிஞ்சியது மணல் பாத்தியின் நீளத்தை இன்னும் கொஞ்சம் கூட்டப் போதுமானதாக இருந்தது. அங்கே இந்த முறை முதலில் தக்காளி; பீன்ஸ் விதைப்பதை மழை ஒன்றிரண்டு பெய்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறார்.